‘எனக்கு மட்டும் தெரியும்’: ஆன்லைன் மாந்திரீகக் குழுக்களில் அகந்தை எப்படி வளர்கிறது? விவேகம் எங்கே தொலைகிறது?

கடலூரை ஒட்டிய திருவந்திபுரத்தில் ஒரு பழைய கிணறு இருக்கிறது. வைணவ ஆசாரியர் வேதாந்த தேசிகர் (1268–1369) தன் கையாலேயே கட்டியது என்று சொல்வார்கள். தேசிகருக்கு ‘சர்வதந்திர சுவதந்திரர்’ என்று ஒரு பட்டம் உண்டு. எல்லாக் கலைகளிலும் தேர்ந்தவர் என்று பொருள். இதைக் கேள்விப்பட்ட ஒரு கொத்தனார், “எல்லாம் தெரியும்னா ஒரு கிணறு கட்டிக் காட்டுங்க பார்ப்போம்” என்று சவால் விட்டாராம். கொடுத்த செங்கல் எல்லாம் கோணல்மாணல். அதையே அடுக்கி வட்டமாகக் கிணற்றைக் கட்டி முடித்தார் தேசிகர் என்கிறது மரபு.

இந்தக் கதையில் வரலாறு எவ்வளவு, பக்தி எவ்வளவு என்பது தனி விவாதம். ஆனால், கதை சொல்லும் முறையைக் கவனியுங்கள். பெரிய பட்டம் உள்ளவரிடம் ஒரு தொழிலாளி சான்று கேட்கிறார். “கேட்க நீ யார்?” என்று யாரும் அவரை விரட்டவில்லை. பதிலாக ஒரு கிணறு வந்தது. எவரும் எட்டிப் பார்த்துச் சரிபார்க்கக்கூடிய பதில்.

இன்று ஒரு ஆன்லைன் மாந்திரீக வகுப்பில் சேர்ந்து இதே மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும்? “உங்களுக்கு இன்னும் அந்த லெவல் வரலை”, “உங்க கர்மா தடுக்குது”, “நெகட்டிவ் எனர்ஜியோட வந்திருக்கீங்க”. கேள்வி கேட்டவரே குற்றவாளி ஆகிவிடுவார். பிரச்சினை தொடங்கும் இடம் இதுதான்.

மாந்திரீகம் இப்போது எங்கே இருக்கிறது?

மாந்திரீகம் என்றதும் மண்டை ஓடு, எலுமிச்சம்பழம், நடுராத்திரிச் சுடுகாடு என்றுதான் மனம் ஓடும். இன்றைக்கு அது போனுக்குள் வந்துவிட்டது. வசியம், செய்வினை நீக்கம், பணவரவு மந்திரம், தேவதை உபாசனை, டாரட் கார்டு, ‘மேனிஃபெஸ்டேஷன்’ என்று ரீல்ஸ் வரிசை கட்டுகிறது. ரீல்ஸிலிருந்து டெலிகிராம் குழு, அங்கிருந்து ஜூம் வகுப்பு, பிறகு ‘தீட்சை’, கடைசியில் யுபிஐ கியூஆர் கோடு. ஐடி கம்பெனி, வங்கி, ஸ்டார்ட்அப் என்று வேலை பார்க்கும் இளைஞர்களும் இதில் இருக்கிறார்கள்.

இது தமிழ்நாட்டில் மட்டும் நடப்பதல்ல. மேற்கு நாடுகளில் ‘விக்கா’ உள்ளிட்ட நவீன சூனியக் கலை வழிகள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. டிக்டாக்கில் அவர்களுக்கு ‘விட்ச்டாக்’ என்று தனி உலகமே இருக்கிறது.

நம்புவது, சாமி கும்பிடுவது, சடங்கு செய்வது எல்லாம் ஒருவரின் உரிமை. விளக்கேற்றி மந்திரம் சொன்னால் மனம் அமைதியாகிறது என்றால் அதில் யாருக்கும் நஷ்டம் இல்லை. அந்தப் பயிற்சி ஒருவருக்கு ‘நான் மற்றவர்களைவிட மேல்’ என்ற எண்ணத்தைக் கொடுத்து, அந்த எண்ணம் கேள்விகளை அடைக்கும்போதுதான் ஆபத்து.

ஆன்மிகப் பயிற்சி அகந்தையைக் குறைக்குமா, கூட்டுமா?

குறைக்கும் என்றுதான் எல்லா மரபுகளும் சொல்கின்றன. ஆராய்ச்சி முடிவுகள் அவ்வளவு எளிமையாக இல்லை.

2018இல் ‘சைக்காலஜிகல் சயின்ஸ்’ இதழில் ஜெர்மனியின் யோக்கன் கெபாவரும் சக ஆய்வாளர்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 93 யோகா மாணவர்களை 15 வாரங்கள் கவனித்தார்கள். இன்னொரு ஆய்வில் 162 தியானப் பயிற்சியாளர்களை 4 வாரங்கள் கவனித்தார்கள். பயிற்சி செய்த கையோடு கேட்டபோது, ‘சராசரி ஆளைவிட நான் மேல்’ என்ற சுயமதிப்பீடு கூடியிருந்தது.

2021இல் நெதர்லாந்தின் சமூக உளவியலாளர் ரூஸ் வோங்க், அனூக் விசருடன் சேர்ந்து ‘ஆன்மிக உயர்வு மனப்பான்மை’யை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார். மூன்று ஆய்வுகளிலும் சேர்த்து சுமார் 3,700 பேர் பதிலளித்தார்கள். ஆரா பார்ப்பது, எனர்ஜி ஹீலிங் மாதிரியான பயிற்சிகளில் இருப்பவர்களிடம் இந்த மனப்பான்மை அதிகமாக இருந்தது. ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ தியானம் செய்பவர்களிடம் அந்த அளவுக்கு இல்லை.

ஒரு எச்சரிக்கை: பயிற்சியால்தான் அகந்தை வந்தது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ‘நான் ஸ்பெஷல்’ என்று ஏற்கெனவே நினைப்பவர்கள் இப்படிப்பட்ட வகுப்புகளைத் தேடிப் போயிருக்கலாம். ஆனால் ஒன்று தெளிவு. ஆன்மிகம் என்று பெயர் வைத்தாலே அகந்தை தானாகக் கரைந்துவிடாது. சில இடங்களில் அது காவி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

ஏன் மாந்திரீக வகைப் பயிற்சிகளில் இது கூடுதல்? காரணம் எளிது. தச்சு வேலையோ, கோடிங்கோ கற்றுக்கொண்டால், தப்பு செய்தால் உடனே தெரிந்துவிடும். நாற்காலி ஆடும், ப்ரோகிராம் ஓடாது. ‘எனக்கு உங்கள் ஆரா தெரிகிறது’ என்பதை அப்படிச் சரிபார்க்க வழியில்லை. திருத்த ஆளில்லாத இடத்தில் தன்னைப் பற்றிய மதிப்பீடு ஏறிக்கொண்டே போகும்.

‘எல்லாமே கரெக்டா சொன்னாரே!’ – எப்படி?

ஒருவர் குறி கேட்டுவிட்டு வந்து சொல்லும் முதல் வாக்கியம் இதுதான். இதற்கு 1948இலேயே ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர், தன் 39 மாணவர்களுக்கு ஒரு ஆளுமைத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் ‘உங்களுக்கான தனி அறிக்கை’ என்று ஒரு தாளைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரியாக 4.3 வந்தது. பிறகுதான் உண்மையைச் சொன்னார்: எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள். அதிலிருந்த வாக்கியங்களில் பெரும்பகுதி ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

‘வெளியில தைரியமா தெரிவீங்க, உள்ளுக்குள்ள ஒரு பயம் இருக்கு’, ‘நீங்க செய்யற உதவிக்கு நன்றி கிடைக்கல’, ‘நெருங்கின ஒருத்தரே உங்களுக்குக் குழி பறிக்கறாங்க’ – இந்த மூன்றும் பொருந்தாத ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

இரண்டாவது காரணம், வெளியே தெரியும் கணக்கு. வேலை கிடைக்க 100 பேர் ஒரு பூஜை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பூஜை செய்தாலும் செய்யாவிட்டாலும் அவர்களில் சிலருக்கு அடுத்த சில மாதங்களில் வேலை கிடைத்துவிடும். அவர்கள் குழுவில் நன்றி சொல்லி வீடியோ போடுவார்கள். மற்றவர்கள்? சத்தமில்லாமல் குழுவை விட்டு வெளியேறுவார்கள். புதிதாகச் சேர்பவர் கண்ணில் படுவது வெற்றி வீடியோக்கள் மட்டுமே.

இந்தக் கணக்கு ஏமாறுபவரை மட்டும் ஏமாற்றுவதில்லை, குறி சொல்பவரையும் ஏமாற்றும். நாள் முழுக்க ‘நீங்க சொன்னது அப்படியே நடந்தது’ என்று பாராட்டு வந்தால், தனக்கு நிஜமாகவே சக்தி இருக்கிறது என்று அவரே நம்பத் தொடங்கிவிடலாம். எல்லா குருவும் மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது. தன்னைத் தானே நம்பவைத்துக்கொண்ட நேர்மையான ஆள், தெரிந்தே பொய் சொல்பவரைவிட ஆபத்தானவராக ஆவதும் உண்டு. பொய் சொல்பவர் மாட்டிக்கொள்வோம் என்று ஓரிடத்தில் நிறுத்துவார். நம்புகிறவருக்கு அந்தப் பயமும் இருக்காது.

கேள்வியை அடைக்கும் மூன்று பூட்டுகள்

முதல் பூட்டு, தோற்கவே முடியாத விளக்கம். பலித்தால் மந்திரத்தின் சக்தி. பலிக்கவில்லை என்றால் உன் நம்பிக்கை போதவில்லை. இரண்டு பக்கமும் குருதான் ஜெயிக்கிறார். எது நடந்தால் ‘இது வேலை செய்யவில்லை’ என்று ஒப்புக்கொள்வோம் என்பதை முன்கூட்டியே சொல்லாத எதையும் சோதித்துப் பார்க்க முடியாது.

இரண்டாவது பூட்டு, படிநிலை. முதல் தீட்சை, இரண்டாம் தீட்சை, ‘இன்னர் சர்க்கிள்’. அடுத்த படிக்குப் பணம் கட்டியவருக்கு, தான் ஏறிவந்த படி பொய் என்று ஒப்புக்கொள்வது கஷ்டம். செலவழித்த பணமும் நேரமும் மட்டும் காரணமில்லை. ‘நான் சாதாரண ஆள் இல்லை’ என்ற நினைப்பையும் சேர்த்து விட வேண்டியிருக்கும்.

மூன்றாவது பூட்டு, பயம். “வெளியில போய்ச் சொன்னா சக்தி போயிடும்”, “பாதியில விட்டா தேவதை தண்டிக்கும்”. இதோடு “உங்களுக்குச் செய்வினை வச்சிருக்காங்க, சொந்தத்துலயே ஒருத்தர்” என்பதும் சேர்ந்துவிட்டால், உண்மையைச் சொல்லக்கூடிய வீட்டார் எதிரிகள் ஆகிவிடுவார்கள். அதற்குப் பிறகு குருவைத் தவிர பேச ஆள் கிடையாது.

ஊரில் குறி சொல்லும் கோடாங்கிக்கும் ஆன்லைன் குருவுக்கும் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. கோடாங்கியை ஊருக்கே தெரியும். அவர் சொன்னது நடந்ததா இல்லையா என்று டீக்கடையில் பேச்சு வரும். ஆன்லைன் குருவோ ஒரு கமென்ட்டை டெலிட் செய்துவிட்டு, கேட்டவரை பிளாக் செய்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

சென்னைப் பள்ளியில் 2024இல் நடந்தது என்ன?

தமிழ்நாடு சமீபத்தில் பார்த்த தெளிவான உதாரணம் இது. மாந்திரீக வகுப்பு அல்ல, ஆன்மிகச் சொற்பொழிவு. ஆனால் மேடையிலிருந்து ‘எனக்குத் தெரியும்’ என்று சொல்வதும் கீழிருந்து கேள்வி எழுவதும் இங்கேயும் உண்டு.

சென்னை அசோக் நகரில் உள்ள அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில், பரம்பொருள் அறக்கட்டளையின் மகாவிஷ்ணு மாணவிகளிடம் பேசினார். மாற்றுத்திறனும் வறுமையும் முற்பிறவி வினையால் வருபவை என்ற பொருளில் அந்தப் பேச்சு போனது. அதே பள்ளியின் பார்வை மாற்றுத்திறனாளித் தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து ஆட்சேபித்தார். இருவருக்கும் நடந்த வாக்குவாத வீடியோ 2024 செப்டம்பர் முதல் வாரத்தில் மாநிலம் முழுக்கப் பரவியது.

சைதாப்பேட்டை அரசுப் பள்ளியிலும் அவர் பேசியிருந்தார். இரண்டு பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களும் இடமாற்றம் செய்யப்பட்டார்கள். செப்டம்பர் 7 அன்று, வெளிநாட்டிலிருந்து திரும்பிய மகாவிஷ்ணு சென்னை விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார். அக்டோபரில் அவருக்கு ஜாமீன் கிடைத்தது.

கைது சரியா, தேவையா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் அந்த அரங்கைக் கற்பனை செய்து பாருங்கள். மைக் பேச்சாளர் கையில். நிகழ்ச்சி பள்ளியின் ஏற்பாடு. எதிரே நூற்றுக்கணக்கான மாணவிகள். அந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்டவர், மேடையிலிருந்து வந்த வார்த்தைகள் யாரை நேரடியாகக் காயப்படுத்தினவோ அவரேதான். விமர்சனச் சிந்தனை என்பது பாடப்புத்தகத்தில் வரும் பெரிய வார்த்தை. நடைமுறையில் பல நேரம் அது ஒரே ஒரு ஆள் எழுந்து நிற்பதுதான்.

கேள்வி கேட்காமல் விட்டால் என்ன ஆகும்?

பணம் போவது குறைந்தபட்ச நஷ்டம். அதைவிடப் பெரியவை இருக்கின்றன.

2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்த நோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். ஏர்வாடிக்கு இப்படிப் பலரைக் குடும்பங்கள் அழைத்து வந்ததற்குப் பின்னால் இருந்த நம்பிக்கை: இது நோயல்ல, பேய் அல்லது செய்வினை. அந்தத் தீ உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

2022 அக்டோபரில் கேரளத்தின் பத்தனம்திட்டா மாவட்டம் எலந்தூரில் நடந்த நரபலிக் கொலைகள் வெளிச்சத்துக்கு வந்தன. கொல்லப்பட்ட இரண்டு பெண்களில் ஒருவர் தருமபுரியைச் சேர்ந்தவர். செல்வம் சேரும் என்று ஒரு தம்பதியை நம்பவைத்த நபர், அவர்களை அணுகியது போலி ஃபேஸ்புக் கணக்கு வழியாக என்பது போலீஸ் தரப்புக் குற்றச்சாட்டு. சுடுகாட்டிலிருந்து போனுக்கு வந்த மாந்திரீகம், போனிலிருந்து எங்கே போகலாம் என்பதற்கு இது மிக மோசமான உதாரணம்.

‘சொந்தத்திலேயே ஒருவர் செய்வினை வைத்தார்’ என்ற பேச்சும் சாதாரணமானதல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022இல் மட்டும் நாட்டில் 85 கொலைகளுக்குச் சூனிய நம்பிக்கை காரணமாகப் பதிவாகியிருக்கிறது.

அதே சமயம், நம்பிக்கையை அடித்து விரட்டினால்தான் தீர்வு என்றும் இல்லை. ஏர்வாடி தர்காவில் பிரார்த்தனையோடு மனநல மருத்துவமும் கிடைக்க ‘தவா–துவா’ என்ற திட்டம் பின்னர் வந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. திருச்சி அருகே குணசீலம் பெருமாள் கோயிலிலும் மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. ‘சாமியும் கும்பிடுங்க, டாக்டரையும் பாருங்க’ என்று சொல்லும் இடமா, ‘டாக்டர் வேண்டாம்’ என்று சொல்லும் இடமா – கவனிக்க வேண்டிய வித்தியாசம் அதுதான்.

மேற்கத்திய சூனியக் குழுக்கள் இதை எப்படிச் சமாளித்தன?

இதே சிக்கலைச் சந்தித்த விக்காவின் அனுபவம் இங்கே உதவும்.

பிரிட்டனில் 1951இல் பழைய சூனியச் சட்டம் நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்ட் கார்ட்னர் ஒரு புத்தகம் எழுதி விக்காவை வெளியுலகுக்கு அறிமுகப்படுத்தினார். கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஒரு பழைய மதம் ரகசியமாகத் தப்பிப் பிழைத்து வந்தது, அதன் வாரிசுகள் நாங்கள் என்பது அப்போதைய நம்பிக்கை. எகிப்தியலாளர் மார்கரெட் முர்ரே 1921இல் எழுதிய புத்தகம் அதற்கு ஆதாரம்.

வரலாற்று ஆய்வாளர்கள் முர்ரேயின் வாதத்தை நிராகரித்தார்கள். 1999இல் ரொனால்ட் ஹட்டன் எழுதிய வரலாறு, விக்கா 20ஆம் நூற்றாண்டில் உருவான புதிய மதம் என்று விரிவாகக் காட்டியது. சிலர் கோபப்பட்டார்கள். ஆனால் பலர், ‘சரி, எங்கள் வழி பழையது இல்லை. அதனால் என்ன? எங்களுக்கு அது அர்த்தமுள்ளதாக இருக்கிறது’ என்று ஏற்றுக்கொண்டு தொடர்ந்தார்கள். ‘ஐயாயிரம் வருஷ ரகசியம்’ என்ற பெருமையை விட்ட பிறகும் அவர்கள் வழிபாடு நின்றுவிடவில்லை.

அந்தக் குழுக்களில் இன்னொரு பழக்கமும் வளர்ந்தது. ஒருவருக்குக் கனவிலோ தியானத்திலோ கிடைத்த செய்தியை, ‘சரிபார்க்கப்படாத தனிப்பட்ட அறிவு’ என்று பெயர் சொல்லியே பகிர்வார்கள். ‘அம்மன் என் கனவுல வந்தாங்க’ என்பது ஒருவரின் அனுபவம். யாரும் மறுக்க வேண்டியதில்லை. ‘அம்மன் சொன்னாங்க, அதனால நீங்க எல்லாரும் இதைச் செய்யணும்’ என்பது அதிகாரம். இரண்டுக்கும் நடுவில் கோடு போடும் வழி அது.

அமெரிக்காவைச் சேர்ந்த ஐசக் பானவிட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். 1970இல் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ‘மாந்திரீகம்’ என்ற பாடத்திலேயே பட்டம் வாங்கியவர். 1979இல் அவர், ஒரு குழு எவ்வளவு ஆபத்தானது என்று அளக்க ஒரு பட்டியலை வெளியிட்டார். பிந்தைய வடிவத்தில் 18 அம்சங்கள். உறுப்பினர்களின் வாழ்க்கையைத் தலைவர் எவ்வளவு கட்டுப்படுத்துகிறார், பணம் எங்கே போகிறது, பாலியல் சுரண்டல் உண்டா, வெளியேறுபவரை என்ன செய்கிறார்கள், தன்னையே கிண்டல் செய்துகொள்ள அந்தக் குழுவால் முடிகிறதா என்று ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 10 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை ஏற ஏற ஆபத்து. மாந்திரீகத்தை நம்பிய ஒருவரே, நம்புபவர்களுக்காகச் செய்த கருவி இது.

கடலூர் மாவட்டத்துக்கு இது புதிதா?

இல்லை. கேள்வி கேட்பது மேற்கிலிருந்து வந்த சரக்கு என்று நினைப்பவர்கள் இந்த ஒரு மாவட்டத்தைச் சுற்றி வந்தாலே போதும்.

திருவந்திபுரத்தில் தேவநாதசுவாமி கோயிலுக்கு எதிரே ஒளஷதகிரி என்ற சிறு குன்று. மேலே கல்விக்குரிய தெய்வமாக வணங்கப்படும் ஹயக்ரீவர். அங்கே பல காலம் தங்கிய தேசிகர் எழுதிய நாடகம் ‘சங்கல்ப சூர்யோதயம்’. அதில் கதாநாயகன் ஒரு அரசன். அவன் பெயர் விவேகன். அவன் மனைவி சுமதி, அதாவது நல்லறிவு. எதிரி அரசன் மகாமோகன், அதாவது பெருமயக்கம். அவன் பக்கத்துப் படையில் காமம், கோபம் மட்டுமல்ல, டம்பமும் செருக்கும்கூட நிற்கின்றன. ஆன்மாவை மீட்கும் போரில் தளபதியாக ஒரு பக்தி நூல் நிறுத்துவது விவேகத்தை.

சிதம்பரத்துத் தலபுராணத்தில் நடராஜரின் ஆட்டத்தைக் கண்டவர் பதஞ்சலி முனிவர். அவர் பெயரில் வழங்கும் யோக சூத்திரம் சித்திகளை வரிசையாகச் சொல்கிறது. சொல்லிவிட்டு, சமாதிக்கு அவை இடையூறுகள் என்றும் எச்சரிக்கிறது. ‘சக்தி வந்துவிட்டது’ என்று கொண்டாட வேண்டிய இடத்தில் ‘ஜாக்கிரதை’ போர்டு வைக்கிறது அந்த நூல்.

வடலூருக்கு வந்தால் வள்ளலார் (1823–1874). அவரைச் சுற்றி அற்புதக் கதைகள் அவர் காலத்திலேயே பெருகின. ஆனால் 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் அவர் செய்த பேருபதேசம், ‘விசாரம்’ செய்யுங்கள் என்பதைத்தான் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறது. விசாரம் என்றால் ஆராய்ந்து பார்ப்பது. சிறு சித்திகளில் கவனம் வைத்தால் பெரிய நோக்கம் போய்விடும் என்றும் அதில் சொல்கிறார். எல்லாவற்றையும்விட முக்கியம்: தான் முன்பு சைவ சமயத்தின்மீது அளவில்லாத பற்று வைத்திருந்ததையும், பிறகு அதை விட்டதையும் எல்லோர் முன்னாலும் சொல்கிறார். சீடர்கள் முன் ‘நான் மாறிவிட்டேன்’ என்று சொல்ல ஒரு குருவுக்குத் தனித் துணிச்சல் வேண்டும். இன்றைய ரீல்ஸ் குருக்களில் எத்தனை பேர் ‘போன வருஷம் நான் சொன்னது தப்பு’ என்று வீடியோ போட்டிருக்கிறார்கள்?

மறுபக்கம் பகுத்தறிவு மரபும் நமக்கு உண்டு. கேரளத்தில் பிறந்து இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர், மோசடிக்கு இடமில்லாத சூழலில் அமானுஷ்ய சக்தியைக் காட்டுபவருக்கு 1 லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை அந்தப் பணத்தை யாரும் வெல்லவில்லை. தமிழ்நாட்டில் பெரியார் இயக்கத்தின் மூடநம்பிக்கை ஒழிப்புப் பிரசாரமும், அறிவியல் இயக்கத்தின் ‘மந்திரமா, தந்திரமா’ நிகழ்ச்சிகளும் பல ஊர்களைச் சென்றடைந்தவை. பக்தியும் பகுத்தறிவும் பல விஷயங்களில் மோதும். ‘அப்படியே நம்பாதே, ஆராய்ந்து பார்’ என்ற இடத்தில் சேர்ந்து நிற்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கைக்கு எதிராகப் போராடிய நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று புணேயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆண்டு அங்கே நரபலி, பில்லி சூனியத் தடுப்புச் சட்டம் வந்தது. கர்நாடகம் 2017இலும் குஜராத் 2024இலும் இதேபோன்ற சட்டம் இயற்றின. எலந்தூருக்குப் பிறகு பேசப்பட்ட சட்டத்தைக் கொண்டுவரப் போவதில்லை என்று கேரள அரசு 2025 ஜூனில் உயர் நீதிமன்றத்தில் தெரிவித்தது.

தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச்சட்டம் இல்லை. அதனால் வழியே இல்லை என்று அர்த்தமில்லை. ஏமாற்றிப் பணம் பறித்தால் பாரதிய நியாய சம்ஹிதையின் 318ஆவது பிரிவு, மிரட்டிப் பறித்தால் 308ஆவது பிரிவு. தாயத்து, மந்திரம், கவசத்தால் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வதற்கு எதிராக 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் இருக்கிறது. முதல்முறை தண்டனை 6 மாதம் வரை சிறை. எழுபது ஆண்டுப் பழைய சட்டம். ரீல்ஸ் காலத்துக்கு அதை யார், எப்படி அமல்படுத்துவது என்பதுதான் விடை கிடைக்காத கேள்வி.

சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய 7 கேள்விகள்

நம்பிக்கை உள்ளவர்களும் இல்லாதவர்களும் கேட்கக்கூடிய கேள்விகள் இவை.

1. எது நடந்தால் ‘இது பலிக்கவில்லை’ என்று ஒப்புக்கொள்வீர்கள்? முன்கூட்டியே பதில் வருகிறதா?

2. குரு கடைசியாக ‘எனக்குத் தெரியாது’ அல்லது ‘நான் சொன்னது தவறு’ என்று சொன்னது எப்போது?

3. மொத்தச் செலவு எவ்வளவு? 501 ரூபாயில் தொடங்கி, ஒவ்வொரு படியிலும் புதுத் தொகை வருகிறதா?

4. மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா? டாக்டரைப் பார்க்க வேண்டாம் என்கிறார்களா?

5. குடும்பத்தில், நட்பில் யாரையாவது எதிரியாகக் காட்டுகிறார்களா?

6. குழுவை விட்டுப் போனவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்? அவர்களோடு பேச முடியுமா?

7. இங்கே சேர்ந்த பிறகு மற்றவர்கள் ‘விவரம் தெரியாதவர்கள்’ என்று தோன்ற ஆரம்பித்திருக்கிறதா?

முதல் ஆறும் குழுவைப் பற்றியவை. ஏழாவது, கேட்பவரைப் பற்றியது. கஷ்டமான கேள்வி அதுதான். கிண்டல் செய்யும் பகுத்தறிவாளருக்கும் அது பொருந்தும். ‘நான் எதையும் நம்ப மாட்டேன், ஏமாறுபவர்கள் முட்டாள்கள்’ என்பதும் அதே அகந்தையின் வேறு சட்டை. ஏமாந்தவர் வெளியே சொல்லாமல் இருப்பதற்கு ஒரு முக்கியக் காரணம், வீட்டிலும் ஆபீசிலும் கிடைக்கப்போகும் அந்தச் சிரிப்பு.

வீட்டில் யாராவது இப்படி ஒரு குழுவில் சிக்கியிருந்தால், முதலில் “உனக்கு அறிவில்லையா?” என்று கேட்காதீர்கள். “அதுல உனக்கு என்ன கிடைக்குது?” என்று கேளுங்கள். தனிமை, வேலை பயம், ஒரு பிரிவு, தீராத நோய் என்று ஏதோ ஒன்று பதிலில் வரும். மாந்திரீகம் உட்கார்ந்திருப்பது அந்த ஓட்டையில்தான். அதை அடைக்காமல் குருவை மட்டும் விரட்டினால், அடுத்த மாதம் வேறொரு ரீல்ஸ் வரும்.

ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழைக்கலாம். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அவ்வளவு கூடும். மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.